மார்பகப் புற்றுநோய்: அறுவைக்குப் பின் கதிர்ச் சிகிச்சை
(பீன்யா தொழிற்பேட்டையில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



பீன்யா என்றதும் கடைசல் இயந்திரங்களும் வார்ப்படச் சாலைகளுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இவ்வட்டாரத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்களே. அவர்களுள் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டு, அறுவைச் சிகிச்சையும் முடிந்துவிட்டது என்று கொள்வோம். அடுத்து கதிர்ச் சிகிச்சை. அதற்காக அவர் ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்திற்குச் செல்லக்கூடும். 1973-இல் தோன்றி, 1980-இல் வட்டாரப் புற்றுநோய் மையமாக உயர்ந்த நிலையம் அது. கதிர் பாயும் நேரம் சில நிமிடங்களே. ஆயினும் நகரைக் கடந்து போய்வருவதில் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே, எத்தனை நாள் சிகிச்சை என்பது மருத்துவ வினா மட்டுமன்று, பொருளாதார வினாவுமாகும்.

கட்டியை அகற்றிய பின்னர் கதிர் எதற்கு? கண்ணுக்குப் புலனாகாத புற்றணுக்கள் எஞ்சியிருக்கலாம். மார்பகத்தைக் காத்துக் கட்டியை மட்டும் அகற்றிய 10,801 பெண்களைப் பற்றிய 17 ஆய்வுகளின் தொகுப்பு 2011-இல் வெளியாயிற்று. பத்தாண்டுகளுக்குள் நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு, கதிர்ச் சிகிச்சையால் 35 விழுக்காட்டிலிருந்து 19 விழுக்காடாகக் குறைந்ததை அது காட்டியது.

நெடுங்காலமாக 50 கிரே அளவுக் கதிரை 25 தவணைகளாக, ஐந்து வாரங்களில் அளித்து வந்தனர். சிறு தவணைகளாகப் பிரித்தால் நலமுள்ள திசுக்கள் இடையிடையே தேறிக்கொள்ளும் என்பதே காரணம். ஆனால் மார்பகப் புற்றணுக்களும் அவ்வாறே சிறு தவணைகளிலிருந்து ஓரளவு தேறிவிடுகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே தவணையின் அளவைச் சற்றுக் கூட்டி, மொத்த அளவைக் குறைக்கலாம் என ஆய்ந்தனர். பிரிட்டனில் 2,215 பெண்களிடம் நடந்த 'ஸ்டார்ட்-பி' ஆய்வில், 15 தவணைகளில் 40 கிரே பெற்றோர் பழைய முறையினருக்கு எவ்வகையிலும் பின்தங்கவில்லை. 2020-இல் வெளியான 'ஃபாஸ்ட்-ஃபார்வர்டு' ஆய்வு, ஒரே வாரத்தில் 5 தவணைகளில் 26 கிரே அளித்தும் ஐந்தாண்டு முடிவில் நோய்க் கட்டுப்பாடு குறையவில்லை என்று கண்டது. நம் நாட்டிலும் கல்கத்தா டாட்டா மருத்துவ மையம் இதே ஒப்பீட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.

நாள் குறைந்ததோடு, குறியும் கூர்மையாயிற்று. சி.டி. படங்களைக் கொண்டு கணிப்பொறியில் கதிரின் பாதை வகுக்கப்படுகிறது. இடப்பக்க மார்பகமாயின், நோயாளி மூச்சை ஆழ இழுத்து அடக்கும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகுகிறது. அத்தறுவாயில் மட்டுமே கதிர் செலுத்தப்படுகிறது.

நிருவாகத்திற்கு இதில் ஓர் எளிய கணக்கு உண்டு. ஓர் இயந்திரத்தின் 75 தவணைகளால் பழைய முறையில் மூவர் சிகிச்சை பெறுவர். மூன்று வார முறையில் ஐவர். ஒரு வார முறையில் பதினைவர். காத்திருப்போர் வரிசை குறைய இதனினும் செலவு குறைந்த வழி அரிது.

எனினும், எல்லார்க்கும் ஒரே அளவு பொருந்தாது. நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியுள்ளதா, மார்பகம் முழுதும் அகற்றப்பட்டதா, மறுசீரமைப்பு செய்யப்பட்டதா என்பவற்றை ஆராய்ந்து மருத்துவரே முடிவு செய்யவேண்டும். தோல் கறுத்தது என்றோ, கூலி போயிற்று என்றோ இடையில் நிறுத்துவது சிகிச்சையின் பயனையே கெடுக்கும்.

அலுவலர்களே, இங்குதான் உங்கள் பங்கு தொடங்குகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, தகுதியுடையோர்க்கு ஊதியத்தில் 80 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். இவ்வுரிமையை அப்பெண் சிகிச்சையின் முதல் நாளன்றே அறிந்திருத்தல் வேண்டும். விஞ்ஞானம் ஐந்து வாரத்தை மூன்றாகவும் ஒன்றாகவும் சுருக்கித் தந்துள்ளது. அந்த நாட்களை அவர் வேலையிழக்கும் அச்சமின்றிக் கழிக்கச் செய்வது நிருவாகத்தின் கடமையாகும்.