சதுப்பு நிலத்தின் விலை என்ன?

(கொல்கத்தாவில் தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



ஒரு நகரம் தன் கழிவு நீரை எங்கே அனுப்புகிறது என்று தெரிந்துகொண்டால், அதன் பொருளாதாரத்தில் பாதி விளங்கிவிடும். கொல்கத்தாவின் மேற்கே ஹூக்ளி ஓடுகிறது. ஆனால் நிலமோ கிழக்கு நோக்கிச் சரிந்திருக்கிறது. ஆகவே நகரின் கழிவு நீரில் பெரும்பகுதி கால்வாய்கள் வழியே கிழக்கே சென்று குல்டி ஆற்றில் கலக்கிறது. வழியில் பரந்து கிடப்பவையே கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்கள். இவற்றின் பரப்பு சுமார் 12,500 ஹெக்டேர்.

‘பேரி’ எனப்படும் இங்குள்ள ஆழமற்ற மீன் குளங்களில் கழிவு நீர் அளவறிந்து பாய்ச்சப்படுகிறது. வெயிலில் செழிக்கும் பாசி நீரில் பிராண வாயுவைப் பெருக்குகிறது. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசியை ரோகு, கட்லா முதலிய மீன்கள் உண்கின்றன. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது. எந்திரமோ மின்சாரமோ பெருமளவு தேவைப்படாத இந்த முறையை உருவாக்கியவர்கள் மீனவரும் உழவருமே. இதன் அருமையை 1980களிலிருந்து ஆராய்ந்து உலகறியச் செய்தவர் பொறியாளர் துருபஜோதி கோஷ்.

நகரம் பெருகியபோது நிலத் தேவையும் பெருகியது. 1960களில் ஹூக்ளியின் வண்டலைக் கொண்டு சதுப்பு நிலத்தை நிரப்பி உப்பு ஏரி நகரம் அமைக்கப்பட்டது. அன்றைய வீட்டுத் தேவை உண்மையானதே. ஆனால் நிரப்பும் பணி அதோடு நிற்கவில்லை. பொதுநல வழக்கொன்றில் 1992ஆம் ஆண்டு கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்டு, இந்நிலங்களின் பயன்பாட்டை மாற்றுவதற்குத் தடை விதித்தது. 2002இல் இவை ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன. 2006இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றி, மேலாண்மை ஆணையமும் அமைத்தது.

சட்டம் இருந்தும் கவலை ஏன்? இளம் அலுவலராக இருந்தபோது நான் ஒரு வீட்டுமனைத் திட்டத்தின் வரவு செலவைச் சரிபார்த்தேன். நிலம் என்ற பத்தியில் ‘பயனற்றது’ என்று எழுதி, மதிப்பு சுழியம் என்று குறித்தேன். கூட்டலில் பிழையில்லை, கூட்டாமல் விட்டதே பிழை. அந்த நிலம் தாங்கி நின்ற மழை வெள்ளத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே பிழை இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். ஆய்வறிக்கை தயாரிக்கும் ஆலோசகரை அமர்த்துவதும் அவருக்கு ஊதியம் தருவதும் திட்டக்காரரே. வழக்காடும் ஒரு தரப்பே சாட்சிக்குக் கூலி கொடுத்தால், அச்சாட்சி எவ்வளவு நேர்மையானவராயினும் ஐயம் எழாமல் இராது. மேலும், அறிக்கை ஒவ்வொரு மனையையும் தனித்தனியே பார்க்கிறது. நீரோ மனையின் எல்லையை அறியாது. ஒரு குளத்தை மூடினால் பாதிப்பு சிறிது. நூறு குளங்களை மூடினால் நகரமே நீரில் நிற்கும்.

எனவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஆலோசகரின் கட்டணத்தைத் திட்டக்காரர் பொது நிதியில் செலுத்த, ஆலோசகரை ஒழுங்குமுறை அமைப்பே நியமிக்கலாம். இரண்டாவது, ஆய்வின் எல்லை மனையாக அல்லாமல் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதுமாக அமைய வேண்டும். மூன்றாவது, சதுப்பு நிலம் அழிந்தால் அதற்கு ஈடாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் நடத்தவும் ஆகும் செலவைத் திட்டக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சென்னையின் பள்ளிக்கரணையும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கும் கேள்வி இதுவே. வளர்ச்சி வேண்டாம் என்பதல்ல என் கருத்து. நாளை உங்கள் மேசைக்கு ஒரு கோப்பு வரும். அதில் ‘பயனற்ற நிலம்’ என்ற சொல் இருந்தால், கையொப்பமிடுமுன் அந்த நிலத்தை ஒருமுறை நேரில் சென்று பாருங்கள்.