மூன்று வயதில் என்ன படிப்பு?

(அரியலூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



குழந்தைகளின் படிப்பைப் பற்றி இன்று நான் பேச வேண்டுமென்று சொல்லியிருக்கிறார்கள். காலேஜ் படிப்பைப் பற்றியோ, உத்தியோகத்தில் நமக்குள்ள பங்கைப் பற்றியோ பேசுவதென்றால் நம்மில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. அது பெண்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் ஜாதியும், பேயும், தலையெழுத்தும் நம் தலைக்குள் எந்த வயதில் ஏறின என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள். காலேஜில் எந்தப் புரொபசரும் அவற்றைப் பாடமாகச் சொல்லவில்லை. இடுப்பில் இருந்த காலத்திலேயே ஏற்றியாகிவிட்டது.

சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி வருவான். தூங்காவிட்டால் முனி பிடிக்கும். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். அப்பாயி சொல்லுகிறாள், அம்மாயி சொல்லுகிறாள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கும் இப்படியே யாரோ சொன்னார்கள். குழந்தையோ காலையில் எழுந்தது முதல் 'ஏன்? எப்படி?' என்று நூறு கேள்வி கேட்கிறது. பகுத்தறிவு என்று நாம் மேடை போட்டுக் கத்துகிறோமே, அதைக் குழந்தை யாரும் சொல்லாமலே கொண்டு வந்திருக்கிறது. நாம் 'வாயை மூடு' என்கிறோம். அதுதான் நம் நாட்டில் முதல் பாடம்.

நம்முடைய இந்த இரண்டு ஜில்லாக்களையே எடுத்துக் கொள்ளுங்கள். பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாய்க் கிடக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை அதைப் பார்த்தால், 'மரம் எப்படிக் கல்லாச்சு?' என்றுதான் கேட்கும். யாரோ சாபம் கொடுத்தார்கள் என்று சொன்னால் கேள்வி அதோடு செத்தது. சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது, மரம் அதில் விழுந்து மண்ணில் புதைந்தது, தண்ணீரில் கரைந்திருந்த மணற்சத்து கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் ஏறிக் கல்லாகிவிட்டது என்பதே உண்மை. இதெல்லாம் பிள்ளைக்குப் புரியுமா என்று கேட்பீர்கள். கோடிக் கணக்கு புரியாதுதான். கையில் ஒரு விறகுத் துண்டையும் ஒரு கல்லையும் கொடுத்து, எது கனம், எது சில்லென்று இருக்கிறது, எது தண்ணீரில் மிதக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அது புரியும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் சிப்பியைக் காட்டினால், இந்தச் சிப்பி எங்கே இருந்தது என்று பிள்ளை தானே கேட்கும்.

2020-ல் குன்னத்தில் மண் தோண்டிய இடத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தன. உடனே டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் வதந்தி. பார்த்தறிந்தவர்கள் வந்து, அவை முட்டையல்ல, பழைய கடல் நத்தைகளைச் சுற்றி உருண்டு திரண்ட கல் என்று சொன்னார்கள். வதந்தியைப் பரப்பியவர்கள் படிக்காதவர்களா? எல்லோரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான். சொன்னதைத் திருப்பிச் சொல்லப் பழகியவர்கள், தொட்டுப் பார்த்து விசாரிக்கப் பழகாதவர்கள்.

நிற்க. இந்த வயதுக்குப் படிப்பு எப்படி இருக்க வேண்டுமென்பது புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமல்ல. 1907-ல் ரோமாபுரியில் சான் லோரென்சோ என்ற ஏழைகள் பேட்டையில், கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டர் ஒரு பள்ளி ஆரம்பித்தார். மரக்கட்டைகள், உருளைகள், தடவிப் பார்க்கும் எழுத்துகள் இவற்றைக் கொடுத்து, வேண்டியதைப் பிள்ளையே எடுத்துச் செய்யும்படி விட்டார். 1939-ல் அந்த அம்மையார் பிரம்மஞான சபையார் அழைப்பின் பேரில் சென்னை அடையாற்றுக்கே வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் மதப்பற்று உள்ளவர்தான். அழைத்தவர்களைப் பற்றியும் நமக்குத் தெரியும். அதனாலென்ன? குழந்தையின் விஷயத்தில் அவர் ஜாதகம் பார்க்கவில்லை, கண்ணால் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், கூலிக்காரன் பிள்ளைக்காகப் பிறந்த அந்த முறையின் பெயர் இன்று பணக்காரத் தெருவில் போர்டாகத் தொங்குகிறது, பீஸ் கேட்டால் தலை சுற்றுகிறது.

நம் வழக்கமோ விஜயதசமியன்று அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அழுத்தி எழுதுவது. சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கூட அன்றைக்குச் சேர்க்கை நடத்தியிருக்கிறார்கள். பிள்ளைக்கு எழுத்து வருகிற நாள் பஞ்சாங்கத்திலா இருக்கிறது? மூன்று வயதில் விரல் எலும்பும் தசையும் இன்னும் முற்றவில்லை. மண்ணைப் பிசைந்து, மணியைக் கோத்து, படம் கிறுக்கி அந்த விரல் பலப்பட வேண்டும். அதற்குள் டை கட்டி, வேனில் அடைத்து, இரண்டு பக்கம் எழுதிவா என்கிறார்கள் சில நர்சரிக்காரர்கள். தகப்பனுக்கு அதில் பெருமை. பிள்ளை இங்கிலீஷில் பாட்டு ஒப்பிக்கிறதாம்! அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பதில் மந்திரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அங்கன்வாடியை மட்டும் 'சோறு போடுகிற இடம்' என்று இளப்பமாகப் பேசுகிறோம். சோறு போடுவது இளப்பமா? 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளியில் ஆரம்பித்தது அந்தச் சோறுதான். பசித்த பிள்ளைக்கு எந்த மரக்கட்டையும் பாடம் சொல்லாது. 1975-ல் ஆரம்பித்த அங்கன்வாடி இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் இருக்கிறது. அங்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று விளையாட்டையே பாடமாக வைத்த திட்டமும் உண்டு. திட்டம் நல்ல திட்டந்தான். நடக்கிறதா என்று நாம் எட்டிப் பார்ப்பதில்லை.

தாய்மார்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நீங்கள் பருத்தி எடுக்கவும், வெங்காயம் அறுக்கவும், முந்திரித் தோப்புக்கும் போகிறீர்கள். கைப்பிள்ளையை யார் பார்ப்பது? எட்டு வயது அக்காள்! தம்பியை இடுப்பில் தூக்கிய அன்றே அவள் படிப்பு போயிற்று. பையன் படிப்பை இதற்காக யாராவது நிறுத்தியதுண்டா? ஆகவே அங்கன்வாடிக் கதவு நேரத்துக்குத் திறக்கிறதா இல்லையா என்பது சின்னப் பிள்ளை விஷயம் மட்டுமல்ல, பெண் கல்வி விஷயம்.

அன்றியும், 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் வேலைக்குப் பெண்களை நியமிக்க வேண்டுமென்று தீர்மானித்தோம். அங்கன்வாடியில் எல்லோரும் பெண்கள்தான். ஆனால் உபாத்தியாயர் என்ற பெயர் இல்லை. மத்திய சர்க்கார் தன் பங்குக்குக் கொடுப்பதற்குப் பெயர் 'மதிப்பூதியம்'! இவர்களுக்குப் பணிக்கொடை உண்டென்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் அந்த ஆசிரியர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்து, எதிர்ப்பு வந்த பிறகு தற்காலிக ஆசிரியர்களைப் போடுவதென்று ஆயிற்று. சட்டமும் இப்படித்தான் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் உரிமை கொடுக்கிறது. அதற்கு முன்னால் சர்க்கார் 'முயல வேண்டும்' என்று மட்டும் அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. பணமுள்ளவன் பிள்ளை மூன்று வயதில் புறப்படுகிறது. இல்லாதவன் பிள்ளை ஆறு வயதில் புறப்பட வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே பரீட்சையில் உட்கார வைத்துத் 'தகுதி, திறமை' என்கிறார்கள்.

இன்னொன்று. 2018-ல் திருப்பூர் ஜில்லா திருமலைக்கவுண்டன்பாளையத்திலும், 2023-ல் கரூர் ஜில்லா வேலஞ்செட்டியூரிலும், தாழ்த்தப்பட்ட பெண் சமைத்த சோற்றைத் தங்கள் பிள்ளைகள் தின்னக் கூடாதென்று சில பெற்றோர்கள் தகராறு செய்தார்கள். பிள்ளைகளா தகராறு செய்தன? ஒரு தட்டிலிருந்து ஒன்றுக்கொன்று எடுத்து ஊட்டிக்கொள்ளும் வயது அது. பெரியவன் வந்து கையைப் பிடித்து இழுக்கிற அந்த நிமிஷத்தில்தான் பிள்ளை ஜாதியைப் படிக்கிறது.

ஆகஸ்டு 15-லும், அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது. நம் தோழர்கள் அங்கே போய், ஊர் அங்கன்வாடிக்குச் சொந்தக் கட்டடம் உண்டா, விளையாட்டுச் சாமான் பெட்டியை விட்டு வெளியே வருகிறதா, எல்லாத் தெருப் பிள்ளையும் வந்து ஒரே வரிசையில் உட்காருகிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்கள் வீட்டுப் பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.