மண்ணில் புதைந்த தாழியும் கஹேதியின் தேறலும்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே, காகசஸ் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் அமைந்த ஜார்ஜியா நாட்டின் கிழக்கு மூலையில் கஹேதி என்னும் மாகாணம் உள்ளது. அந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்களின் பெரும்பகுதி இந்த ஒரு மாகாணத்தில் அடங்கிவிடுவதாலும், தலைநகர் திபிலிசியிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் அது இருப்பதாலும், வழிகாட்டியோடு வேனில் சென்றுவரும் ஒருநாள் சுற்றுலா அங்கே நன்கு வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்ற மாணவர்கள் திபிலிசியில் இருக்கிறார்கள் என்பதால், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் இந்தப் பயணம் எட்டாத ஒன்றல்ல. ஆனால், அப்படிச் செல்பவர்களில் பெரும்பாலோர் கோப்பையில் ஊற்றப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களே தவிர, காலடியில் புதைந்திருப்பதைப் பார்ப்பதில்லை. கஹேதியின் உண்மையான செல்வம் நிலத்துக்குக் கீழே, கழுத்துவரை மண்ணில் இறங்கிய பெரிய சுடுமண் தாழிகளில் இருக்கிறது.

திபிலிசியிலிருந்து சிக்நாகி என்னும் மலையூருக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். வழியில் எங்காவது ஓரிடத்தில், தந்தூரி அடுப்பைப் போன்ற களிமண் அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து சுடும் ஷோதி என்ற நீண்ட ரொட்டியை வாங்கித் தருவது வழிகாட்டிகளின் வழக்கம். அதைச் சூடு ஆறுமுன் பாலாடைக்கட்டியோடு தின்பதே பலருக்கு அன்றைய காலையுணவாகிவிடும். சிக்நாகியிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள போட்பே மடாலயத்தில், 4ஆம் நூற்றாண்டில் ஜார்ஜியாவுக்குக் கிறித்துவத்தைக் கொண்டுவந்தவர் எனப் போற்றப்படும் புனித நினோவின் கல்லறை உள்ளது. அவர் ஏந்திய சிலுவை திராட்சைக்கொடியின் இரு கிளைகளைத் தம் தலைமுடியால் பிணைத்துச் செய்தது என்பது அம்மக்களின் மரபு; அந்நாட்டுத் திருச்சபையின் சிலுவைக்குக் கிடைக்கைகள் இரண்டும் சற்றே கீழ்நோக்கித் தொங்குவதற்கு, வளைந்த கொடியே காரணமாகச் சொல்லப்படுகிறது. சமயத்தின் முதல் அடையாளத்தையே திராட்சைக்கொடியில் கண்ட ஒரு மக்களின் நாட்டுக்குள் வந்திருக்கிறோம் என்பதை, இந்தச் சிலுவையைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது.

சிக்நாகியின் கோட்டைச் சுவர் 18ஆம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே மன்னர் எழுப்பியது. இருபத்து மூன்று காவற்கோபுரங்களைக் கொண்டது. அதன்மேல் நின்று வடக்கே பார்த்தால், அலசானி ஆற்றுச் சமவெளி முழுவதும் கட்டங்கட்டமாக விரிந்து கிடப்பதும், அதற்கப்பால் பனி மூடிய காகசஸ் நேராகச் சுவர்போல் எழுவதும் தெரியும். சுற்றுலாக் குழுக்களுக்கு இங்கே அரைமணி நேரம்தான் ஒதுக்கப்படும். ஆனாலும் இந்தக் காட்சியை அவசரமின்றிப் பார்ப்பது நல்லது. ஏனென்றால், வடக்கிலிருந்து வரும் கடுங்குளிரை மலை தடுத்துவிடுவதும், சமவெளியின் கோடை நீண்டு திராட்சையை முற்றப் பழுக்கவைப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்துதான் கஹேதியைக் கஹேதியாக ஆக்கியிருக்கின்றன.

அந்தக் கட்டங்களில் விளைபவற்றில் இரண்டு வகைகளின் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒன்று ரகட்சிதேலி, அதாவது சிவந்த தண்டுடைய வெண்திராட்சை. மற்றது சபெராவி, சாயம் ஏற்றுவது என்று பொருள்படும் இந்தக் கருந்திராட்சைக்குப் பெரும்பாலான கருந்திராட்சைகளைப் போலத் தோலில் மட்டும் நிறம் இருப்பதில்லை, பிதுக்கினால் உள்ளே சதையும் சிவப்பாகவே இருக்கும். ஜார்ஜியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட நாட்டுத் திராட்சை வகைகள் பதிவாகியிருக்கின்றன என்றாலும், பெரும்பாலானவை இன்று சேகரிப்புத் தோட்டங்களிலும் சில வீட்டுக் கொல்லைகளிலும்தான் உயிர் வாழ்கின்றன.

இனித் தாழிக்கு வரலாம். ஜார்ஜிய மொழியில் அதற்கு க்வெவ்ரி என்று பெயர். நடுவில் பருத்து, அடியில் கூர்ந்து முடியும் முட்டை வடிவப் பாண்டம் அது. ஒரு குடத்தளவு சிறியதும் உண்டு, ஆள் உள்ளே இறங்கக்கூடிய, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரியதும் உண்டு. அத்தகைய பெருந்தாழியைச் சக்கரத்தில் வனைய முடியாது. குயவர் களிமண்ணைக் கயிறுபோல் திரித்து வட்டமாக அடுக்கி, ஒரு வளையம் சற்று இறுகிய பின்பே அடுத்த வளையத்தை ஏற்றுகிறார். அவசரப்பட்டால் மேற்பாரம் தாங்காமல் சுவர் சரிந்துவிடும் என்பதால், ஒரு தாழி எழுந்து நிற்க வாரக்கணக்கில் ஆகிறது. பின்பு விறகுச் சூளையில் பல நாள் சுட்டு, சூடு முழுதும் தணியுமுன் உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். மெழுகு சுடுமண்ணின் நுண்துளைகளுக்குள் உருகி இறங்கி அடைத்துக்கொள்ளும். இந்தத் தொழில் தெரிந்த குடும்பங்கள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

வீட்டின் தரைத்தளத்திலோ அருகிலுள்ள கொட்டகையிலோ தாழிகள் புதைக்கப்பட்டிருக்கும் அறைக்கு மரானி என்று பெயர். முதன்முறை உள்ளே நுழைபவருக்கு அது வெறும் மண்தரையாகவே தோன்றும். கண் பழகிய பின்புதான் தரையில் ஆங்காங்கே வட்டமான கல்மூடிகளும், அவற்றைச் சுற்றி ஈரம் காயாத களிமண் பூச்சும் தெரியவரும். ஓரமாக, பருத்த மரத்தண்டைக் குடைந்து தோணிபோலச் செய்த ஒரு தொட்டி கிடக்கும்; பறித்த பழத்தை அதில் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர்வரை நீளும் திராட்சை அறுவடைக்கு ரத்வேலி என்று பெயர்; அந்த நாள்களில் நகரத்தில் வேலை பார்ப்பவர்களும் சொந்த ஊருக்குத் திரும்பிக் கூடையைத் தூக்குவார்கள் என்பதால், சுற்றுலாவுக்கும் இதைவிட நல்ல பருவம் வேறில்லை.

மிதித்த சாறு தனியாகத் தாழிக்குள் போவதில்லை. தோல், விதை, பழுத்த காம்பு எல்லாம் கூடவே போகின்றன. கஹேதி முறையின் உயிர்நிலை இதுதான். பழத்தோலில் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்களால் சாறு நொதிக்கத் தொடங்கும்போது, தோல்கள் மேலெழுந்து தடித்த ஆடைபோல் மிதக்கும். அது காய்ந்தால் புளித்துக் காடியாகிவிடும் என்பதால், நீண்ட மரக்கோலால் நாளுக்குப் பலமுறை அதை உள்ளே அழுத்திவிட வேண்டும், இரவில் எழுந்தும் அழுத்த வேண்டும். கொதிப்பு அடங்கித் தோல்கள் கீழே அமர்ந்த பின், வாயை மூடிக் களிமண்ணால் அடைத்து, ஐந்து ஆறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். விதைகள் கூர்ந்த அடிக்குள் முதலில் இறங்க, அவற்றின்மேல் மண்டி படிந்து மூடிவிடுவதால் விதையின் கசப்பு மேலே பரவுவதில்லை. சுற்றிலுமுள்ள மண்ணோ கோடையிலும் குளிரிலும் அதிகம் மாறாத தண்மையைத் தாழிக்குத் தருகிறது. வடிகட்டியும் குளிர்சாதனமும் செய்யும் வேலையை வடிவமும் மண்ணும் செய்துவிடுகின்றன என்பதில்தான் இந்தப் பாண்டத்தின் நுட்பம் அடங்கியிருக்கிறது.

வசந்தத்தில் திறந்தால், வெண்திராட்சையிலிருந்து வந்ததாயினும் அந்தத் தேறல் வெளுப்பாக இருக்காது. பழந்தேனின் நிறத்தில், தேநீர்போலச் செம்பொன்னாக மின்னும். உலகச் சந்தையில் இதை அம்பர் வைன் என்கிறார்கள். தோலோடு ஊறியதால் பாக்கைச் சவைத்தது போன்ற துவர்ப்பு நாவில் நிற்கும். இனிப்பை எதிர்பார்த்து முதல் வாய் பருகுபவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. நல்ல வழிகாட்டி, அதை வெறும் வாயில் கொடுக்காமல், வால்நட் அரைத்துச் சேர்த்த கத்தரிக்காயோடும் பாலாடைக்கட்டியோடும் கொடுப்பார். உணவோடு சேரும்போதுதான் அந்தத் துவர்ப்பு தன் இடத்தைக் கண்டுகொள்கிறது.

எட்டாயிரம் ஆண்டுப் பழமை என்னும் சொல் கஹேதியில் ஒவ்வொரு வாசலிலும் கேட்கும். இதற்கு அடிப்படையாக ஓர் உண்மையான ஆய்வு உண்டு. திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி, ஷுலாவேரி என்னும் இரு மேடுகளில் அகழ்ந்தெடுத்த புதிய கற்காலப் பானைகளின் ஓடுகளில், திராட்சைக்குரிய டார்டாரிக் அமிலத்தின் எச்சம் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்; அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 6000. ஆயினும் அந்த மேடுகள் கஹேதிக்கு வெளியே இருப்பவை. அந்தப் பானைகளும் அளவிலும் வடிவிலும் இன்றைய க்வெவ்ரி அல்ல. திராட்சை மது அவ்வளவு பழையது என்பது வேறு, இன்று காட்டப்படும் தாழிமுறை மாறாமல் அவ்வளவு காலமும் இருந்தது என்பது வேறு. முன்னதற்குச் சான்று இருக்கிறது. பின்னதற்கு வழிகாட்டியின் உற்சாகம் மட்டுமே இருக்கிறது.

உண்மையில் இந்த மரபு அறுபடாமல் வந்ததே பெரும்பாடு. 1614 முதல் 1617 வரை பாரசீகத்தின் ஷா அப்பாஸ் நடத்திய படையெடுப்புகளில் கஹேதி சூறையாடப்பட்டு, அதன் மக்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர், இன்னும் பலர் பாரசீகத்துக்கு நாடுகடத்தப்பட்டனர். 1921இல் சோவியத் ஆட்சி வந்த பிறகு, அளவே குறிக்கோளாகக் கொண்ட அரசு ஆலைகள் உலோகத் தொட்டிகளில் மதுவை ஆக்கின. விளைச்சல் தரும் சில திராட்சை வகைகளே ஊக்குவிக்கப்பட்டன. 1985இல் தொடங்கிய கோர்பச்சேவின் மதுவெதிர்ப்பு இயக்கத்தில் தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. விடுதலைக்குப் பிறகும், ஜார்ஜிய மதுவில் பெரும்பங்கை வாங்கிவந்த ரஷ்யா 2006இல் இறக்குமதியை நிறுத்தியது. தடை 2013இல்தான் நீங்கியது. இத்தனைக்கும் நடுவே தாழி பிழைத்தது ஆலையால் அன்று, வீட்டால். விற்பதற்கென்று இல்லாமல், மகன் திருமணத்துக்கும் தகப்பன் நினைவுநாளுக்கும் வேண்டுமென்று கொல்லைத் திராட்சையைத் தாழியில் இட்டுவந்த உழவர் குடும்பங்களே அதைக் காத்தன. 2013இல் யுனெஸ்கோ க்வெவ்ரி முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அந்தக் குடும்பங்கள் செய்துவந்ததற்கே பெயர் சூட்டியது.

ஆகவே, சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது: பயணத் திட்டத்தில் இருப்பவை பெரிய ஆலைகளின் சுவைக்கூடங்கள் மட்டுமா, அல்லது ஒரு வீட்டு மரானியும் உண்டா? மலையைக் குடைந்த நெடுஞ்சுரங்கங்களில் புட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதைக் காண்பதும், சினந்தாலி மாளிகையில் கவிஞர் அலெக்சாண்டர் சாவ்சாவாட்சேயின் பழைய மதுச் சேமிப்பைக் காண்பதும் பயனுள்ளவைதாம். ஆனால் ஆறு இடங்களில் ஆறு கோப்பை என்று ஓடுவதைவிட, ஒரே வீட்டில் மூன்று மணி நேரம் இருப்பது மேல்.

அலவெர்தி பேராலயத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. 11ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, திராட்சைத் தோட்டங்களின் நடுவே ஐம்பது மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் இந்த ஆலயத்தின் துறவிகள், தங்கள் பழைய மரானியை மீட்டெடுத்து மறுபடியும் தாழிகளை நிரப்புகிறார்கள். இந்தியருக்குக் கஹேதியோடு ஒரு தொடர்பும் உண்டு. கஹேதியின் அரசி கேதெவன், மதம் மாற மறுத்ததால் 1624இல் ஷிராஸ் நகரில் ஷா அப்பாஸின் ஆணையால் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அவருடைய எச்சங்களில் ஒரு பகுதியைப் போர்த்துகீசிய அகுஸ்தினார் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுசென்றனர். பழைய கோவாவின் ஆலய இடிபாடுகளில் கிடைத்த எலும்பை ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் மரபணு வழியாக ஆராய்ந்து, அது அந்த அரசியினுடையதாகவே இருக்கக்கூடும் என்று கண்டது. 2021 ஜூலையில் இந்திய அரசு அதை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது.

மாலையில் மரானி வீட்டாரே விருந்து வைப்பார்கள். சுப்ரா எனப்படும் இந்த விருந்தில் யாரும் நினைத்த நேரத்தில் பருகிவிட முடியாது. தமாதா என்னும் விருந்துத் தலைவர் எழுந்து, அமைதிக்காகவும் நாட்டுக்காகவும் மறைந்தவர்களுக்காகவும் ஒவ்வொன்றாக வாழ்த்துரைத்த பின்பே கோப்பை உயரும். மது அருந்தாதவர்களுக்கும் அந்த மேசையில் இடமுண்டு; மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் நூலில் கோத்த வால்நட்டைத் தோய்த்து உலர்த்திய சுர்ச்கேலாவை வெட்டித் தட்டில் வைப்பார்கள்.

வசந்தம் முடிந்த பிறகு செல்பவர்களுக்கு வேறொரு காட்சி வாய்க்கக்கூடும். காலியான தாழியின் பக்கத்தில் வீட்டுக்காரர் மண்டியிட்டு, நீண்ட கழியின் நுனியில் செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய துடைப்பத்தால் உட்சுவரைத் தேய்ப்பார். தண்ணீர் ஊற்றி, கலங்கலை முகந்து வெளியே கொட்டி, மறுபடியும் ஊற்றுவார். கடைசியாக முகந்த நீர் தெளிந்து, மணம் எதுவுமின்றி, தாமே குடிக்கக்கூடியதாக வரும்வரை அவர் எழுந்திருப்பதில்லை.