தலையை ஒட்டிய கைகள்

(சேலத்தில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இதே ஊரில், பெரியேரி கோட்டை சாலையில் இருக்கிறது தலைவெட்டி முனியப்பன் கோயில். உள்ளே இருப்பது முனியப்பன் அல்ல, புத்தர் என்று 2011-இல் ஒரு பௌத்த அறக்கட்டளை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொல்லியல் அறிஞர்கள் வந்து பார்த்தார்கள். தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காது மடல். புத்தரேதான். 2022 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்: இடம் தொல்லியல் துறையிடம் போகட்டும், புத்தர் சிலை என்று பலகை வையுங்கள், மக்கள் வந்து பார்க்கலாம், பூசை கூடாது.

அன்று முகநூலில் நாமெல்லாம் கொண்டாடினோம். நான் ஒரு படி மேலே போய், 'இத்தனை வருசம் ஏமாந்த கூட்டம்' என்று எழுதினேன். தம்பி அதை அம்மாயிக்குப் படித்துக் காட்டிவிட்டான். ஊருக்குப் போனதும் அம்மாயி கேட்டார்: "ஏங்கண்ணு, முனியப்பனக் கும்பிட்டவங்கெல்லாம் ஏமாந்தவங்களா?"

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் அம்மாயி ஆயுள் முழுக்க வெளியில் நின்றவர். ஏரிக்கரை முனியப்பன்தான் அவரிடம் சாதி கேட்காத சாமி. எனக்குப் பதில் வரவில்லை.

பிறகுதான் அறிஞர்களின் அறிக்கையில் இருந்த ஒரு விவரம் உறைத்தது. துண்டான தலையை யாரோ சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்து ஒட்டியிருக்கிறார்கள். சரியாகப் பொருந்தாமல் தலை சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வெட்டியது யார் என்றுதான் நாம் எப்போதும் கேட்கிறோம். ஒட்டியது யார் என்று கேட்பதில்லை. ஒட்டியவர்கள் கும்பிட்டவர்கள்தானே! அவர்கள் கும்பிடாமல் விட்டிருந்தால் அந்தக் கல் எப்போதோ படிக்கல்லாகப் போயிருக்கும்.

நம் மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்றார் அயோத்திதாசர். அப்படியானால் முனியப்பன் முன் பொங்கல் வைத்தவர்களும் நம்மவர்கள்தான். முனி என்பது புத்தரின் பெயர்களில் ஒன்று. சாக்கியமுனி என்கிறோமே!

ஒரு தோழர் கேட்டார்: "பள்ளிவாசலுக்கு அடியில் கோயில் தேடுகிறவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?" நியாயமான கேள்வி. 1947 ஆகஸ்ட் 15 அன்று எது எந்த வழிபாட்டிடமோ அது அப்படியே தொடர வேண்டும் என்று 1991-இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பாபர் மசூதியை இடித்தார்கள். சேலத்தில் எதையும் இடிக்கவில்லை, தோண்டவில்லை. சிலை கண்முன்னே இருந்தது. ஆனால் அது மட்டும் போதாது. அங்கே வந்துகொண்டிருந்த எளிய மக்களை விரட்டிவிட்டுப் புத்தரை மீட்டோம் என்றால், அந்த வேறுபாடு கரைந்துவிடும்.

இதே மாவட்டத்தில், ஆத்தூர் பக்கம் தியாகனூரில் புத்தரைப் புத்தர் என்றே சொல்லி ஊர்மக்கள் கும்பிடுகிறார்கள். இதே மாவட்டத்தில்தான் 2024 மே மாதம் தீவட்டிப்பட்டியில் தலித்துகள் கோயில் நுழைவு கேட்டபோது மோதலும் தீவைப்பும் நடந்தன. சிலையின் பெயரை மாற்ற 11 ஆண்டு வழக்கு போதுமாயிருந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் என் அம்மாயி நின்ற இடம் இன்னும் மாறவில்லை.

அதனால் கேட்கிறேன். பெரியேரிக்குப் போங்கள். அங்கே வருகிற அம்மாக்களிடம் "இது உங்கள் சாமியில்லை" என்று சொல்லாதீர்கள். "நீங்கள் காப்பாற்றி வைத்தது புத்தரை" என்று சொல்லுங்கள். அம்மாயிக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்.