துணிக்கடையிலிருந்து தர்பாருக்கு

கஹவத்தை மேடையில் வங்காள நவாபின் படைத்தலைவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது, பெரியோர்களே, தோட்டத்து உறவுகளே!

அவர் பெயர் கிரிகோர், ஆர்மீனியர். 1604இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் வேரோடு பெயர்த்து இஸ்பஹானுக்குக் கொண்டுவந்த மக்களின் வழி வந்தவர். அந்த மக்கள் வணிகத்துக்காகச் சென்னை வரை வந்தார்கள்; 1772இல் அவர்கள் எழுப்பிய தேவாலயம் ஆர்மீனியன் தெருவில் இன்றும் நிற்கிறது. கிரிகோர் வங்காளத்தில் துணி விற்றார்.

1760இல் மீர் காசிம் நவாபானார். பாரசீக மொழி கோலோச்சிய அந்தத் தர்பாரில் துணி வியாபாரி 'குர்கின் கான்' ஆனார். முங்கேரில் பீரங்கிகளும் துப்பாக்கிகளும் வார்த்தார். படையை ஐரோப்பிய முறையில் பழக்கினார். அந்தத் துப்பாக்கிகளுக்குத் தீக்கல் ராஜ்மகால் மலையிலிருந்து வந்தது. இரத்தினபுரிக்காரருக்குக் கல்லின் அருமையை நான் சொல்ல வேண்டுமா?

1763இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியோடு போர் மூண்டது. குர்கின் கானின் அண்ணன் தம்பி உறவில் பெட்ரஸ் என்பவர் கல்கத்தாவில் ஆங்கிலேயருக்கு வேண்டியவர். அது போதாதா? தோல்விமேல் தோல்வி வந்ததும் சந்தேகம் குர்கின் கான்மேல் விழுந்தது. அதே ஆண்டு சொந்தப் படையினரே அவரை வெட்டிக் கொன்றார்கள். மறு ஆண்டு பக்ஸாரில் மீர் காசிமின் கூட்டணியும் தோற்றது.

உறவைக் காட்டி ஆளை ஒதுக்குவது நம் மண்ணிலும் நடந்தது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம், கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆண் உறவினர் அனைவரையும் பகைவர் என்று அறிவித்தது. கண்டி மாகாணங்களுக்குள் கால் வைக்கத் தடை போட்டது. சப்ரகமுவையும் அதற்குள் அடங்கும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமோ, தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. தேயிலைக்கும் ரப்பருக்கும் உழைத்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். எஞ்சியோருக்கு வழி திறந்த சட்டம் வந்தது 2003இல்.

குர்கின் கானைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவரை மதிக்காத குலாம் ஹுசைன் கான் என்ற வரலாற்றாசிரியர் எழுதியது. நம் கதையையும் அடுத்தவர் எழுதட்டும் என்று விட்டுவிடலாமா? பாட்டன்மாரின் பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்று, பழைய செக்ரோல் துண்டு எது பெட்டியில் கிடந்தாலும் குப்பையில் போடாதீர்கள். பிள்ளைகளைக் கொண்டு இந்த மாதமே படம் பிடித்து, யாருடையது, எந்தத் தோட்டம் என்று எழுதி வையுங்கள்.