வீட்டுக் குரல்களை முதலில் காப்பாற்றுவோம்



நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இன்னும் ஒரு பெட்டி பழைய கேசட்டுகள் இருக்கும். பெரும்பாலானவை சினிமாப் பாடல்களாக இருக்கும். அவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வேறு எங்காவது கிடைத்துவிடும். ஆனால், தோட்டத்து லயத்தில் பாட்டி பாடிய தாலாட்டும், அண்ணன் திருமணத்தில் அப்பா பேசிய வாழ்த்துரையும் அந்த ஒரு கேசட்டில் மட்டுமே இருக்கின்றன. பல தோட்டங்களே இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஆகவே, கணினிக்கு மாற்றும் வேலையை வீட்டுக் குரல்களில் இருந்து தொடங்குங்கள்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் பூசப்பட்ட காந்தத் துகள்களில்தான் குரல் பதிவாகியிருக்கிறது. நம் ஊர் வெப்பமும் ஈரப்பதமும் அதற்குப் பகை. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதை ஓடவிடாதீர்கள். பிளேயர் வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவிவிடும். அதைத் தனியே எடுத்துவைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மற்றவற்றை வீட்டிலேயே மாற்றலாம். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு பதிவுப் பொத்தானைத் தெரியாமல் அழுத்தினாலும் குரல் அழியாது. பிளேயரின் 'ஹெட்'டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவைக் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர் போதும். கணினியில் ஒலி உள்வாங்கும் துளை இல்லையென்றால், யுஎஸ்பி ஒலி இணைப்பான் வாங்கிக்கொள்ளலாம். பதிவு செய்வதற்கு 'ஆடாசிட்டி' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உரத்த இடங்களில்கூட ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். பொறுமை வேண்டும். மூலப் பதிவை 'வேவ்' வடிவில் சேமியுங்கள். ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 600 எம்பி பிடிக்கும். உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும். இரைச்சலை நீக்க விரும்பினால், பிரதியில் மட்டும் செய்யுங்கள். பாட்டின் நடுவே கேட்கும் சேவல் கூவலும் பக்கத்து வீட்டு அக்காவின் குரலும் அந்த லயத்தின் அடையாளங்கள்.

முக்கியமான வேலை ஒன்று மீதம் இருக்கிறது. அந்தப் பதிவை வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். பேசுவது யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். பிறகு இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு கேசட்டையாவது மாற்றிவிடுங்கள்.