கண் கொடுத்த கைகளுக்கு ஒரு வணக்கம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், கண் பரிசோதனை முகாமுக்கு உழைத்த தொண்டர்களுக்குச் சிறப்புச் செய்யப்பட்டபோது முன்னாள் மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் அது மாணவர்களின் நாள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நன்னடத்தைப் பரிசு என்று பிள்ளைகள் மேடையேறுவார்கள். பெற்றோர்கள் கீழே இருந்து கை தட்டுவார்கள். இந்த ஆண்டு நம் தலைமையாசிரியர் ஒரு புதுமை செய்திருக்கிறார். பெரியவர்கள் சிலரையும் மேடைக்கு அழைத்திருக்கிறார். அவர்கள் யார்? கண் பரிசோதனை முகாமுக்கு ஆள் சேர்த்தவர்கள். விடியற்காலையில் லோரி ஓட்டியவர். வந்தவர்களுக்குப் பசியாற இட்லி அவித்துக் கொடுத்த அக்காமார்கள். சம்பளத்தைப் பிடிக்காமல் விடுப்புக் கொடுத்த தோட்ட நிர்வாகம். மலையேறி வந்த டாக்டர்கள், தாதியர்கள்.

இவர்களைக் கேட்டால், "நாங்க என்னா பெருசா செஞ்சிட்டோம் சார்? மாலையெல்லாம் எதுக்கு?" என்று கூச்சப்படுகிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எடுத்துச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன். அதற்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

என் அம்மா இந்த மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். இரண்டு இலை, ஒரு மொட்டு. முற்றல் இலை ஒன்று கூடையில் கலந்தாலும் மண்டோர் சத்தம் போடுவார். அம்மாவின் கூடையில் அப்படிக் கலந்ததே இல்லை. வேலையை விட்டு நின்ற பிறகு, ஒருநாள் காலையில் லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு மூட்டம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குய்யா. எதிர்மலையே தெரியல," என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எதிர்மலையில் சூரியன் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

மூட்டம் மலையில் இல்லை. அம்மாவின் கண்ணில் இருந்தது.

அப்போது நான் இளம் ஆசிரியன். படித்தவன். எனக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். அந்தச் சமயம் ஒரு சேவைச் சங்கத்தார் கண் முகாம் நடத்தினார்கள். எங்கள் லயத்தில் இருந்த ஒரு லோரிக்கார அண்ணன் வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அம்மாவுக்குக் கண்ணு மங்கலா இருக்காமே. பேர் எழுதிக்கவா?"

"பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரம் அண்ணே. அடுத்த தடவை பார்ப்போம்."

அடுத்த தடவையும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன். அம்மாவுக்கும் பயம், கண்ணில் கத்தி வைத்தால் உள்ளதும் போய்விடும் என்று. இப்படியே மூன்று ஆண்டுகள் ஓடின. நான்காம் ஆண்டு அந்த அண்ணன் மறுபடியும் வந்தார். இம்முறை என்னிடம் கேட்கவே இல்லை. நேரே அம்மாவிடம் போய், "அக்கா, நாளைக்கு நாலு மணிக்கு லோரி நிக்கும். முன்னால என் பக்கத்து சீட்டு உங்களுக்கு. நானே கூட இருந்து கூட்டிக்கிட்டு வந்துடறேன்," என்றார். அம்மா போனார்.

ஒரு கண்ணில் புரை. அதை எடுத்தார்கள்; பார்வை வந்தது. மற்றக் கண்ணில் புரை மட்டுமல்ல, கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பே கெட்டுப்போயிருந்தது. "இதை இனித் திருப்ப முடியாது. முன்னாலேயே வந்திருந்தால் இருப்பதையாவது காப்பாற்றியிருக்கலாம்," என்றார் டாக்டர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பிள்ளைகளே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது. வயதானால் யாருக்கும் வரலாம். அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை திரும்பும். 1949-ஆம் ஆண்டு லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற டாக்டர்தான் முதன்முதலில் அப்படி வில்லை வைத்தார். கண் நீர் அழுத்த நோய் அப்படியல்ல. போன பார்வை திரும்பாது. மேலும் போகாமல் தடுக்க மட்டுமே முடியும். நீரிழிவும் சத்தமில்லாமல் கண்ணைக் கெடுக்கும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். தேநீரில் மூன்று கரண்டி சீனி போடும் அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்!

இனி மதுரைக்குப் போவோம். 1918-இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு அது உலகிலேயே பெரிய கண் மருத்துவ நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1992-இல் அவர்கள் மதுரையிலேயே வில்லை தயாரிக்க ஆரம்பித்தார்கள். நூறு டாலர் அளவில் விற்ற வில்லையின் விலை, பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. ஏழைக்கும் வில்லை கிடைத்தது. 2006-இல் டாக்டர் காலமானார். அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை.

அந்த மாபெரும் பணி டாக்டர்களால் மட்டும் நடந்ததா? இல்லை. ஊர் ஊராக முகாம் நடந்தபோது டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள். இடம் பிடித்தது, நோட்டீஸ் கொடுத்தது, சோறு போட்டது, வண்டி ஏற்பாடு செய்தது எல்லாம் ஊர்க்காரர்கள். லயன்ஸ் சங்கத்தார், கோயில் கமிட்டியார், கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்தார். ஆரம்பத்தில் முகாம் நடந்த இடத்திலேயே அறுவைச் சிகிச்சையும் நடந்தது. பிறகு, கிருமி அண்டக்கூடாது என்பதற்காக நோயாளிகளைப் பேருந்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், சிகிச்சை முடித்து, திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள்.

அங்கேயும் ஒரு பாடம் கற்றார்கள். சிகிச்சை இலவசம் என்று சொன்னாலும் பலர் வரவில்லை. ஏன்? பஸ்ஸுக்குக் காசு இல்லை. ஒருநாள் கூலி போய்விடும். கூட வர ஆள் இல்லை. பயம். பாருங்கள், என் அம்மா வராமல் இருந்ததற்கும் இவைதானே காரணம்! கத்தியைப் பிடிப்பவர் டாக்டர்தான். ஆனால் அந்தக் கத்தி வரைக்கும் பாட்டியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தொண்டர்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட கைகள் பல. பார்வையற்றோர் நலனுக்காக 1951-இல் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் தோன்றியது. அதன் முயற்சியால் உருவானதுதான் பெத்தாலிங் ஜெயாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை. உலக அளவில் பார்த்தால், 1925-இல் ஹெலன் கெல்லர் அம்மையார் லயன்ஸ் சங்கத்தாரின் மாநாட்டில் நின்று, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கண்ணும் தெரியாத, காதும் கேளாத ஒரு பெண்மணியின் வேண்டுகோளை அவர்கள் இன்றுவரை தங்கள் கடமையாக வைத்திருக்கிறார்கள்.

தேயிலைக்காரர்களாகிய நமக்குப் பிடித்த ஒரு செய்தியும் உண்டு. அஸ்ஸாம் மாநிலத்தில், நாற்பது வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018-இல் முடிவு வெளிவந்தது. பாதிப் பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி உடனே கொடுத்தார்கள்; மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களைவிட சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. விலை மலிவான ஒரு மூக்குக் கண்ணாடி! இதைக் கேட்டபோது, கொழுந்துக் கூடையைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த நம் தாய்மார்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று நம் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் தொண்டர்கள் அவர்களையும் அழைத்து வந்து வரிசையில் நிறுத்தினார்கள். பாஷை தெரியாதவர்களுக்குக் கையைக் காட்டி எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தார்கள். இதற்காகவே அவர்களுக்கு இன்னொரு மாலை போடலாம்.

கண்ணப்பர் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். தன் கண்ணையே எடுத்து அப்பினார் அந்த வேடர். நம் தொண்டர்கள் கண்ணைக் கொடுக்கவில்லை, தூக்கத்தைக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்கள். 'வேண்டாம்' என்று சொன்ன வீட்டுக்கு மறுபடியும் போகும் பொறுமையைக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த மறுபடியும் போவதுதான் மிகப் பெரிய தானம் என்பேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். இன்று வீட்டுக்குப் போனதும் சுவரில் தொங்கும் நாட்காட்டிக்கு எதிரே தாத்தாவை, பாட்டியை நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடச் சொல்லுங்கள், தேதியைக் கேளுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் குறை தெரியாது. அப்படித்தான் என் அம்மா ஏமாந்தார். உங்களுக்கே கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்து எழுதாதீர்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். கண்ணாடி போட வெட்கப்பட வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முகாமுக்குப் பெயர் எழுத யாராவது வாசலில் வந்து நின்றால், "அடுத்த தடவை பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். அதைச் சொன்னவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அந்த லோரிக்கார அண்ணன் இன்று இல்லை. அவருக்கு யாரும் மாலை போடவில்லை, நானும் போடவில்லை. இன்று இந்த மேடையில் இருப்பவர்களுக்குப் போடும் மாலையில் ஒரு பூ அவருக்கும் சேரட்டும்.

எல்லாரும் எழுந்து நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுவோம். எதிர்மலை வரைக்கும் கேட்கட்டும்.